ஏறி உக்காரு தம்பி

எங்கள் ஊரில் டயருக்கு எண் கிடையாது. கடைக்குப் போய் "ஒரு டயர் குடுங்க" என்றால் போதும். எந்த சைக்கிளுக்கு என்று கடைக்காரர் கேட்கமாட்டார். ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ், ராலே என்று வண்டியின் கழுத்தில் எந்தத் தகடு இருந்தாலும் கீழே ஓடுவது 28-க்கு ஒன்றரை. பால்காரருக்கும் அதுதான், போஸ்ட்மேனுக்கும் அதுதான், மாப்பிள்ளைக்குச் சீராக வந்து திண்ணையில் மாலையோடு நின்ற புது வண்டிக்கும் அதுதான். தேர்வு என்று ஒன்று இருந்ததென்றால் டன்லப்பா, ரால்சனா என்பதில் இருந்தது. அதையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை, சட்டைப் பையில் இருந்த காசு தேர்ந்தெடுத்தது.

இப்போது என் அக்கா மகன் டயர் வாங்குகிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அங்கே வீடு வாங்கியபோது பத்திரத்தை நான்தான் படித்தேன். அவன் கையெழுத்து மட்டும் போட்டான். டயர் விஷயத்தில் ஒரு வரி விடவில்லை, எல்லாவற்றையும் அவனே படித்தான். அகலம் எவ்வளவு, உள்ளே நூல் எத்தனை, பூ எப்படி, ரிம்மின் உள்ளகலம் என்ன, ட்யூப் வேண்டுமா வேண்டாமா, பக்கச் சுவர் கறுப்பா பழுப்பா. முப்பத்தெட்டா நாற்பதா என்ற கேள்வியிலேயே ஒரு தீபாவளி போயிற்று. அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் பலகாரத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்னிடம் அட்டவணை காட்டினான். தார் ரோட்டிலும் ஓட வேண்டும், மண்ணிலும் ஓட வேண்டும், ஜல்லியிலும் ஓட வேண்டும், அதற்குத்தான் மாமா இவ்வளவு யோசனை என்றான்.

கடைசியில் நாற்பது வாங்கினான். பொங்கலுக்கு வண்டியோடு வந்து இறங்கியபோது டயரின் பக்கச் சுவரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 40-622 என்று இருந்தது. முதல் எண், காற்றடித்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயர் ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். எங்கள் 28-க்கு ஒன்றரையை இதே கணக்கில் எழுதினால் 40-635 என்று வரும். விட்டத்தில் 13 மில்லிமீட்டர் தள்ளிப்போனதால் அவனுடைய டயர் என் அப்பாவின் ரிம்மில் ஏறாது. அகலம் மட்டும் அச்சு அசலாக அதே நாற்பது.

சொன்னேன். "அது தற்செயல் மாமா" என்றான்.

தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். வீட்டு வாசலில் மணல், தெருமுனை தாண்டினால் செம்மண். அப்புறம் கண்மாய்க் கரை. அதன்மேல் மாட்டு வண்டிச் சக்கரம் உழுத இரண்டு பள்ளம், நடுவில் புல் முளைத்த முதுகு. எந்தப் பள்ளத்தில் இறங்குகிறோமோ அதிலேயேதான் மறுகரை வரை போகவேண்டும், இடையில் மனசு மாறினால் விழவேண்டும். கரை இறங்கினால் கப்பி ரோடு. ஜல்லியைக் கொட்டி, மேலே சரளை தூவி, ரோலர் ஓட்டி, தார் ஊற்றுவதற்கு முன் தேர்தல் முடிந்துவிட்ட ரோடு. அதற்கும் அப்பால்தான் தார். புதுக்கோட்டைச் சீமையில் செம்புராங்கல் பூமிக்கு மேலேயே துருத்திக்கொண்டு நிற்கும். விளிம்பு அரிவாள்மணைக்குக் குறைந்ததல்ல. இத்தனையும் ஒரே காலைப்பொழுதில், ஒரே டயரில், பின் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு. இதற்கு யாரும் தனியாகப் பெயர் வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழி, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் செம்மண் களியாகி மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். ஒரு குச்சியை ஒடித்து நோண்டிவிட்டுப் போவோம். அதற்காகவே கரை ஓரத்து ஆவாரஞ்செடிகள் மொட்டையாக நின்றன. தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் வாக்கப்பட்டுப் போன உறவுக்காரர்கள் சொல்வார்கள், அங்கே மழை பெய்தால் மனிதன் சைக்கிளில் ஏறமாட்டான், சைக்கிள் மனிதன்மேல் ஏறும் என்று. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி வேண்டும் என்பது இன்றைக்கு வண்டியின் விவரக்குறிப்பில் தனி வரியாக அச்சாகிறது. அக்கா மகன் அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தான்.

டயரில் தேர்வே இல்லாத அந்தக் காலத்தில் அறிவெல்லாம் காற்றில் இருந்தது. அந்த அறிவு எங்கள் ஊரில் சைக்கிள் கடை பாயிடம் இருந்தது. வேப்பமரத்தடியில் கீற்றுக் கொட்டகை. உள்ளே வாடகைக்கு விடும் சைக்கிள்கள் வரிசையாக, மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண். வாசலில் தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி. பஞ்சர் என்று போனால் பாய் பேசமாட்டார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். இரண்டு லீவரைக் கொடுத்து டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபைக் குடல்போல உருவி, காற்றடித்து, சட்டித் தண்ணீரில் ஒவ்வொரு சாணாக முக்குவார். குமிழி வந்த இடத்தில் தீக்குச்சியைச் செருகி வைப்பார். அரத்தால் தேய்ப்பு, சொல்யூஷன், ஒரு ஊது, பழைய ட்யூபில் வெட்டிய ஒட்டு, சுத்தியலால் நாலு தட்டு. இவ்வளவும் எந்தக் கடையிலும் நடப்பதுதான். அதற்கு அடுத்தது பாயின் தனிக் கைப்பக்குவம்: டயருக்குள் விரலை விட்டு முழு வட்டமும் தடவுவார், கண்ணை மூடிக்கொண்டு. முள் உள்ளேயே இருக்க, ஒட்டுப் போட்டு அனுப்புகிறவன் மறுநாள் வருமானத்துக்கு அடிபோடுகிறான் என்பது அவர் அபிப்பிராயம். செம்புராங்கல் டயரையே கிழித்திருந்தால் ஓடித் தேய்ந்த டயரில் ஒரு துண்டை வெட்டி உள்பக்கம் அணைகொடுத்து வைப்பார். அந்தத் துண்டு இன்றைக்கு அழகான உறையில், எப்படி வைப்பது என்ற படத்தோடு விற்பனைக்கு வருகிறது. அக்கா மகன் இருக்கைக்கு அடியில் தொங்கும் பையில் இரண்டு வைத்திருக்கிறான்.

எல்லாம் முடிந்ததும் காற்று. அப்போதுதான் பாய் வாயைத் திறப்பார்.

"எங்க போற?"

"கீரனூருக்கு பாய்."

"தார்லயா, மண்ணுலயா? யாரும் பின்னாடி உக்காருறாங்களா?"

வம்புக்குக் கேட்கிறார் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு பம்பை அடிப்பார். நிறுத்துவார். "ஏறி உக்காரு தம்பி" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும், பாய் குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்து, பின் டயர் தரையைத் தொடும் இடத்தைப் பார்ப்பார். "வயிறு தள்ளுது" என்றால் இன்னும் நாலு அடி. "கல்லா நிக்கிது" என்றால் வால்வு மரையைத் தளர்த்திப் புஸ் என்று கொஞ்சம் இறக்குவார். பின் சக்கரத்துக்கு ஒரு அளவு, முன் சக்கரத்துக்கு அதைவிடக் குறைவாக ஒரு அளவு. நெல் மூட்டை ஏறினால் வேறு, மழை பெய்திருந்தால் வேறு. குறைத்துக்கொண்டே போனால் ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டி இரட்டை ஓட்டை விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவதுதான் வித்தை. அளவுமானி எதுவும் இல்லை. இருந்தும் பயனில்லை; உள்ளே ரப்பர் வால்டியூப் மாட்டிய அந்த வால்வில் மானியை வைத்தால் அது ஒன்றும் சொல்லாது.

ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் இதே வேலையைக் கருவி வைத்துச் செய்தார். ஆள் உட்கார்ந்ததும் டயர் அதன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும், அதுதான் சரியான காற்று என்பது அவர் கண்ட கணக்கு. நாற்பது மில்லிமீட்டர் டயர் என்றால் ஆறு மில்லிமீட்டர். உலகம் முழுவதும் சைக்கிள்காரர்கள் அந்தப் பதினைந்து சதவீதத்தை மேற்கோள் காட்டுகிறார்கள், அதை வைத்து வாதம் செய்கிறார்கள், அதைத் திருத்திப் புதுக் கணக்குப் போடுகிறார்கள். பாய் அந்த அமுங்கலுக்கு வயிறு என்று பெயர் வைத்திருந்தார். காற்றடிக்கக் கட்டணம் சில்லறைக் காசு. தெரிந்த பையன் என்றால் அதுவும் இல்லை.

நடுவில் உலகத்துக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. டயர் ஒல்லியாகவும் கல்போலவும் இருந்தால் வேகம் என்ற பைத்தியம். எங்கள் ஊருக்கு அது ஸ்போர்ட்ஸ் மாடல் என்ற வடிவில் வந்தது. மிராசுதார் வீட்டுப் பையன் ஒருவன் வாங்கி, மணலில் புதைந்து, கண்மாய்க் கரையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். நாங்கள் குரங்குப் பெடல் போடும் பொடியன்கள்கூட அவனைத் தாண்டிப் போனோம். பந்தயக்காரர்கள் 1990-களில் இருபது, இருபத்துமூன்று மில்லிமீட்டர் டயரில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் அடித்துக்கொண்டு, கைகால் எல்லாம் அதிர அதிர, இதுதான் வேகம் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வழவழப்பான எஃகு உருளைமேல் டயரை ஓட்டிப் பார்த்தால் காற்று ஏற ஏற உருளும் தடை குறையும். உருளைமேல் மனிதன் உட்காரவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். ரோட்டில் டயர் வாங்கிக்கொள்ளாத அதிர்ச்சியை உட்கார்ந்திருக்கிறவன் உடம்பு வாங்குகிறது. குலுங்கும் சதையில் வீணாவதும் அவன் மிதித்த சக்திதான். சியாட்டிலிலிருந்து 'பைசிக்கிள் குவார்ட்டர்லி' என்ற இதழை நடத்திய யான் ஹைனே, தூங்கும் ஓட்டுநர்களை எழுப்ப நெடுஞ்சாலை ஓரத்தில் போடும் அதிர்வுப் பட்டைகளின்மேல் சைக்கிளை ஓட்டி இதை அளந்து காட்டினார். முதலில் சிரித்தார்கள். இப்போது பிரான்சின் கருங்கல் பாவிய பாதைகளில் 1896 முதல் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்திலேயே முப்பது, முப்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர் சர்வ சாதாரணம்.

இந்தச் சிரிப்பும் புதிதல்ல. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்குகிறது என்றுதான் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-ல் காப்புரிமை. மறுவருடம் அந்த மெத்து மெத்தென்ற டயரை மாட்டிக்கொண்டு வில்லி ஹ்யூம் பெல்ஃபாஸ்டில் பந்தயத்துக்கு வந்து, கட்டி ரப்பர் டயர்க்காரர்களைத் தோற்கடித்தார். குலுங்காமல் இருப்பதற்காகச் செய்தது வேகத்துக்கும் ஆயிற்று. இது தெரிந்து நூறு வருடம் கழித்து அதை மறந்து, மறுபடி கண்டுபிடித்து, மறுபடி காசுக்கு விற்கிறார்கள்.

அகலம் திரும்பி வந்ததற்குப் பின்னால் பிரேக்கும் இருக்கிறது. எங்கள் வண்டிகளில் ராடு பிரேக். கட்டை கீழிருந்து மேலாக, ரிம்மின் உள்முகத்தில் போய் அழுத்தும். டயர் எவ்வளவு பருமனானாலும் பிரேக்குக்குக் கவலையில்லை. அதற்குப் பின் வந்த பந்தய சைக்கிள்களில் இடுக்கிபோல டயரைக் கவ்விக்கொண்டு இறங்கும் பிரேக். அந்த இடுக்கிக்குள் நுழைகிற டயர்தான் போடமுடியும். ஒல்லி டயர் கொள்கையாக இருந்தது பாதி. மீதி, பிரேக்குக்குள் வேறு எதுவும் நுழையாததுதான். சக்கரத்தின் நடுவே டிஸ்க் பிரேக் வந்ததும் டயருக்கு விடுதலை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள மண் பாதைகளில் 2006-ல் ஒரு பந்தயம் தொடங்கியது. இன்றைக்கு அன்பவுண்ட் என்று பெயர், முக்கியப் போட்டி 200 மைல். அங்கே சிக்கிமுக்கிக் கல் டயரைக் கிழிக்கும். அந்தக் கல்லின் படங்களை அக்கா மகன் காட்டினான். எங்கள் ஊர்ச் செம்புராங்கல்லுக்குத் தங்கச்சி.

புது டயர் பழைய டயரேதான் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பொய். பாய் கடையில் தொங்கிய டயரைக் கையில் தூக்கினால் தோள்பட்டை சொல்லும். அவனுடையது ஐந்நூறு கிராம் அளவுக்குத்தான் இருக்கும், மடித்துப் பைக்குள் வைக்கலாம், ஏனென்றால் ஓரத்தில் கம்பிக்குப் பதில் மடங்கும் நார். ரப்பருக்கு அடியில் உள்ள துணியில்தான் பெரிய வித்தியாசம். ஓர் அங்குலத்துக்கு இத்தனை நூல் என்று போட்டிருக்கிறான்: அறுபது ஒரு ரகம், நூற்றிருபது ஒரு ரகம். கரூர் சந்தையில் வாங்கும் கட்டம்போட்ட போர்வைக்கும் நூறாம் நம்பர் நூல் வேட்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. மெல்லிய துணி தரையின் மேடு பள்ளத்தோடு ஒத்துப்போய் மடங்கும், மடங்குவதில் சக்தியை விழுங்காது. முள் குத்தினால் சீக்கிரம் கிழியும். எங்கள் பக்கத்து முள்ளைக் கணக்கில் வைத்து அவன் அறுபதையே எடுத்தான். பாய் இருந்திருந்தால் அதையே எடுத்துக்கொடுத்திருப்பார்.

பூ விஷயத்தில் அவன் அதிகம் அலைந்தான் என்பது என் கருத்து. தார் ரோட்டுக்குப் பூவே தேவையில்லை. காரைப்போல ஈர ரோட்டில் தண்ணீர்மேல் மிதந்து வழுக்கும் வேகமும் அகலமும் சைக்கிளுக்குக் கிடையாது. இறுகிய செம்மண்ணில் சின்னக் கட்டம் போதும். உருளும் சரளையில் எந்தப் பூவும் பிடிக்காது, ஏனென்றால் டயர் பிடித்துக்கொள்ளும் கல்லே நகர்கிறது. மணலில் அகலம் மட்டும்தான் பேசும். பூ நன்றாக வேலைசெய்கிற இடம் ஈரமண் வளைவு ஒன்றுதான், அங்கும் ஓரத்துப் பூதான் பிடிக்கிறது. அதனால் கலப்பு ரோட்டுக்கு நடுவில் வழவழப்பு, ஓரத்தில் கட்டம் என்று ஒரு வகை வருகிறது. அவன் வாங்கியது அதுதான். நடுவில் நெடுக்குக் கோடும் ஓரத்தில் கட்டமுமாக எங்கள் பக்கம் எத்தனை டயர் ஓடியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணைக் காட்டினாள். நிறுத்திக்கொண்டேன்.

டயரை ஏற்றிய கதை தனி. ட்யூப் இல்லாத டயர். ரிம்மின் ஆணித் துளைகளை மூடி நாடா ஒட்டி, வால்வை இறுக்கி, டயரை விரலாலேயே ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் கைப்பம்பால் அடித்தான். அடித்த காற்றெல்லாம் ஓரத்து இடுக்கு வழியே அப்படியே வெளியே வந்தது. டயரின் விளிம்பு ரிம்மின் உதட்டில் போய் உட்காரும்வரை காற்று நிற்காது. ஒரே மூச்சில் பெருங்காற்று வந்து தள்ளினால்தான் உட்காரும். மாலைவரை அடித்தான். அப்புறம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு திருச்சி ரோட்டில் லாரி டயர் பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையா அண்ணே?"

"இல்லப்பா, டியூப்லெஸ்."

"பைக்குக்கு வந்துச்சு. இப்ப சைக்கிளுக்குமா? அடுத்து பொடவைக்கு வந்துரும்."

வால்வின் உள்பாகத்தைக் கழற்றச் சொல்லி அக்கா மகன் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர் கழற்றிவிட்டார். கம்ப்ரசரைத் திறந்தார். டப் என்று ஒரு பக்கம், டப் என்று மறுபக்கம். இரண்டு வெடிக்கும் நடுவே அக்கா மகன் காதைப் பொத்திக்கொண்டான். காசு வாங்கவில்லை. பார்த்ததே போதும் என்றார்.

அப்புறம் வால்வு வழியே பால் ஊற்றினான். நிஜமாகவே பால், ரப்பர்ப் பால்தான் அதில் முக்கியச் சரக்கு. உறையாமலிருக்க அம்மோனியா கலப்பார்கள், அந்த நெடி வரும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் நடந்தவர்களுக்கு நெடி புதிதாக இருக்காது. முள் குத்தி ஓட்டை விழுந்தால் சீறும் காற்றோடு அந்தப் பால் ஓட்டைக்குப் போய், அங்கேயே உறைந்து அடைத்துவிடும். மரத்திலிருந்து எடுத்த பாலைக் கட்டியாக்கி டயர் செய்து, அந்த டயருக்குள் மறுபடி பாலையே ஊற்றுகிறார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாலூத்துறதுன்னு வாயில சொல்லாதீங்கடா, நல்ல நாளும் அதுவுமா" என்றாள்.

மறுநாள் சித்தன்னவாசல் வழியாகக் குடுமியான்மலைக்கு இருவரும் கிளம்பினோம். நான் மச்சானின் பழைய வண்டியில், அவன் புதிதில். கிளம்புமுன் கையடக்க எண்மானியை வைத்து முன்னால் 30, பின்னால் 33 என்று காற்றை நிறுத்தினான். தைலமரக் காட்டு மண்பாதையில் இறங்கியதும் அவன் வண்டி மிதந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் வண்டி எனக்கு ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது. பொட்டலில் சீமைக்கருவேல முள் ஒன்று அவன் பின் சக்கரத்தில் ஏறியது. உஸ்ஸென்று வெள்ளையாகப் பீய்ச்சியது. அவன் இறங்கவில்லை. நாலு சுற்றில் சத்தம் நின்றுபோயிற்று. முள் உள்ளேயே இருக்க, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாய் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டு வந்தேன். தொழிலுக்கு ஆபத்து என்று சொல்லியிருக்கமாட்டார். முள்ளை எடுக்காமல் அனுப்புவதா என்றுதான் முகத்தைச் சுளித்திருப்பார்.

முள்ளில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். பதிலுக்கு நம் தரையில் படர்ந்து கிடக்கும் நெருஞ்சி அந்தப் பக்கம் போய், மேற்கு அமெரிக்கா முழுக்க சைக்கிள் டயரைக் குத்திக்கொண்டிருக்கிறது. அங்கே அதற்கு ஆட்டுத்தலை என்று பெயர், காயில் இரண்டு கொம்பு இருப்பதால். டயருக்குள் பால் ஊற்றும் யோசனை அந்தப் பக்கம் அவ்வளவு பிரபலமானதில் நெருஞ்சிக்கும் பங்குண்டு. நாம் அனுப்பிய முள்ளுக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து, அவர்கள் அனுப்பிய முள்ளுக்கு நம் பொட்டலில் வேலைசெய்தது.

அந்தப் பாலுக்கு ஒரே பகை வெயில். நம் ஊர்க் கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து, உள்ளே ஆடையாகப் படிந்துவிடும், மறுபடி ஊற்றவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் குலுக்கிக் காதில் வைத்து, தேங்காய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் அவன் சந்தோஷமாகச் செய்தான், ஒரு வருஷத்துக்கு. அப்புறம் நாற்பது போதவில்லை என்று ஆரம்பித்தான். அன்பவுண்டிலேயே இப்போது பெரிய ஓட்டக்காரர்கள் மலைச் சைக்கிளின் இரண்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட டயரில் வருகிறார்களாம். ஐம்பதாவது வேண்டும்.

"அப்ப டயர மாத்துடா" என்றாள் அக்கா.

"நாப்பத்தஞ்சுக்கு மேல ஃப்ரேம்ல எடம் இல்லம்மா."

"அப்ப டயருக்காக சைக்கிள மாத்தப்போற."

"ஆமா."

அக்கா சைக்கிள் விஷயத்தில் சும்மா பேசுகிறவள் இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்களே, அவர்களில் ஒருத்தி. பாய் கடை வாடகை வண்டியில், பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், சேலையை வரிந்துகொண்டு கற்றாள். பின்னாளில் இந்தப் பையனை முன்பாரில் உட்காரவைத்து, கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு அதே கண்மாய்க் கரையில் வந்திருக்கிறாள். பாய் அவளிடமும் எங்கே போகிறாய், குடம் எத்தனை என்று கேட்டுத்தான் காற்றடிப்பார்.

புது சைக்கிள் பெங்களூருக்கு வந்தது. பழையது, குடும்ப விலை என்று சொல்லி, என் தலையில் இறங்கியது. பங்குனியில் சக்கரத்தைக் குலுக்கினேன், சத்தமில்லை. பால் ஊற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாததால் ட்யூப் போடுவது என்று முடிவுசெய்தேன். டயரைப் பிரித்து உள்பக்கம் விரலைவிட்டால் முழுக்க முள். பால் அடைத்துவைத்த அத்தனையும் வெளியில் ஒடிந்து, உள்ளே நுனி நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றை விட்டாலும் ட்யூப் அன்றைக்கே போய்விடும். அக்கா மூக்குக் கண்ணாடியும் இடுக்கியும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். காய்ந்த பாலை நகத்தால் உரித்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டே வந்தோம். சீமைக்கருவேலம், நாட்டுக்கருவேலம், நெருஞ்சிக் கொம்பு, ஒரு ஸ்டேப்ளர் பின். கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழு வட்டம் தடவினாள்.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன்.

"சீலண்ட் ஊத்தினீங்களா மாமா? வெயில் வந்துருச்சு."

"ட்யூப் போட்டாச்சுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, அப்ப காத்து அஞ்சு பிஎஸ்ஐ கூட வைக்கணும், இல்லன்னா ரிம்ல அடிச்சு ட்யூப் வெட்டும். எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"தெரியல. உங்கம்மா என்னை ஏறி உக்காரச் சொல்லிப் பாத்தா. போதும்னா."

"அம்மாகிட்ட போனைக் குடுங்க."

அக்கா வாங்கினாள். அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். கேட்டுக்கொண்டாள்.

"பின்னாடி கொஞ்சம் வயிறு தள்ளத்தான்டா செய்யுது" என்றாள். "அதுக்குக் காத்த ஏத்த வேணாம். ஒங்க மாமாவ ராத்திரி சோத்தக் கொறைக்கச் சொல்லியிருக்கேன்."